பற்று நோட்டும் அரை அவுன்ஸ் தேயிலையும்

அயர்லாந்தில் மகள் வீட்டுக்குப் போய்வந்ததைப் பற்றி முன்பு எழுதியபோது மழையும் புல்வெளியும் மாடுகளுமே அதிகம் இடம் பிடித்துக்கொண்டன. "அதெல்லாம் இருக்கட்டும், மளிகை சாமான் எங்கே வாங்குவீர்கள்? கடைக்காரர்கள் எப்படி?" என்று நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள கோவிலுக்கு அடுத்தபடி கடைத்தெருதான்.

எனக்கும் இதில் ஒரு சொந்த அக்கறை உண்டு. 31 வருஷம் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தவன் நான். பண்டகசாலை, பால் சங்கம், விவசாயக் கடன் சங்கம் என்று எத்தனையோ பேரேடுகளைப் புரட்டியிருக்கிறேன். எந்தக் கடையைப் பார்த்தாலும் அங்கே கணக்கு எப்படி எழுதுகிறார்கள் என்றுதான் முதலில் மனம் போகும். 2014, 2017, 2023 என்று மூன்று தடவை போய், எல்லாமாகச் சேர்த்து 11 மாதம் கார்க் நகரத்தில் இருந்தேன். டப்ளினுக்கு அடுத்த பெரிய ஊர். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் நானும் மனைவியும் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவோம். ஓய்வூதியக்காரனுக்கு வேறென்ன வேலை?

பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். 2017-ல் அவருக்கு வயது 86. மேற்குக் கார்க் கிராமத்தில் பிறந்தவர். நான் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவன் என்று தெரிந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், "என் அம்மாவிடம் ஒரு நோட்டு இருந்தது" என்பதுதான். சின்ன நோட்டு. கடைக்கு அனுப்பும்போது அதைக் கையில் கொடுத்து அனுப்புவார்களாம். தேயிலை, சர்க்கரை, மாவு, மண்ணெண்ணெய் என்று வாங்குவதைக் கடைக்காரர் அதிலும் எழுதுவார், தன் பேரேட்டிலும் எழுதுவார். பால் பண்ணையிலிருந்து மாதாமாதம் பணம் வந்ததும் தீர்ப்பார்கள். "கூட்டுத்தொகையை மட்டும் எனக்குக் காட்டவே மாட்டார் அம்மா" என்றார். நம்மூர்ப் பற்று நோட்டேதான்! அட்டையில் பிள்ளையார் சுழி மட்டும்தான் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் அண்ணாச்சி கடையில் என் தாயார் வைத்திருந்த நீள நோட்டு எனக்குக் கண்முன் வந்தது.

அந்த அம்மாளின் நோட்டிலிருந்துதான் எனக்கு அயர்லாந்தின் கடை வரலாற்றில் ருசி ஏற்பட்டது. நூலகத்தில் படித்ததும் கடைகளில் பார்த்ததும் கேட்டதும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐரிஷ் மொழியில் "காய்ம்பீன்" என்றால் வட்டி. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் "கோம்பீன்". கோம்பீன் மனிதன் என்றால் கடைக்காரனும் வட்டிக்காரனும் ஒரே ஆளாக இருப்பவன். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. சில வருஷங்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பல் ஏறினார்கள். கிழங்கைத் தோட்டத்தில் விளைவித்து அதையே மூன்று வேளையும் சாப்பிட்ட ஏழைக் குடியானவன் அதுவரை உணவுக்காகக் கடைக்கு அதிகம் போனதில்லை. கிழங்கு போன பிறகு மாவை விலைக்கு வாங்கித்தான் சாப்பிட வேண்டும். கையில் காசு ஏது? கடன்தான்.

பிரிட்டிஷ் பிரதமர் பீல் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வரவழைத்தார். அதற்கு அங்கே பெயர் "இந்தியன் மீல்". நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அமெரிக்க இந்தியர்களின் சோளம் என்று அர்த்தம். கல் மாதிரி கடினமான தானியம். சரியாக அரைக்கவும் வேகவைக்கவும் தெரியாமல் சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்டது. ஆனாலும் அந்த மாவுதான் பிறகு பல காலம் மேற்குக் கடற்கரை ஏழைகளின் சாப்பாடு. அதை விற்றவர் உள்ளூர்க் கடைக்காரர். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை, அதன் மேல் வட்டி. கடன் நிற்கும் வரை வேறு கடைக்கும் போக முடியாது. முட்டையையும் வெண்ணெயையும் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். பல ஊர்களில் மதுக்கடையும் அவருடையதே, உள்ளூர் ஆட்சி மன்றத்தில் உறுப்பினரும் அவரே, அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட் விற்பவரும் அவரே. பிள்ளை அமெரிக்கா போய் அனுப்பும் டாலரிலும், பெண் ஸ்காட்லாந்தில் கிழங்கு பொறுக்கிக் கொண்டுவரும் கூலியிலும் கடைப்பாக்கிதான் முதலில் கழியும்.

எல்லாக் கடைக்காரர்களும் அப்படி என்று சொல்ல வரவில்லை. பஞ்சகாலத்தில் கடன் கொடுத்தவன் இல்லாவிட்டால் இன்னும் பல பேர் செத்திருப்பார்கள் என்ற வாதமும் உண்டு. நம் ஊரில் பேரேடு பார்த்தவன் என்ற முறையில் நான் அறிந்தது இவ்வளவுதான்: கடன் கொடுக்கிறவனே எடை போடுகிறவனாகவும், எடை போடுகிறவனே எழுதுகிறவனாகவும் இருந்தால், எதிரே நிற்பவருக்குப் படிக்கத் தெரிந்தாலும் அந்த நோட்டால் பயன் கிடையாது.

இந்த இடத்தில்தான் பாடி காலகர் வருகிறார். அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் டானிகால் மாவட்டத்தில் டங்லோ என்று ஓர் ஊர். பாறையும் சதுப்புமான பூமி. அங்கே பிறந்த பாடியைப் பத்து வயது வாக்கில் ஸ்ட்ராபேன் ஊர்ச் சந்தைக்குக் கூட்டிப் போனார்கள். மாட்டுச் சந்தை மாதிரி ஆள் சந்தை. பெரிய விவசாயிகள் வந்து பிள்ளைகளைப் பார்த்து, ஆறு மாதக் கூலி பேசி அழைத்துப் போவார்கள். பிறகு அவர் ஸ்காட்லாந்து போய்க் கூலி வேலை செய்தார். அங்கே தொழிலாளர்கள் நடத்திய கூட்டுறவுக் கடையில் உறுப்பினராகிச் சாமான் வாங்கியபோது, ஆண்டுக் கடைசியில் லாபத்தில் பங்கு திரும்பி வருவதைப் பார்த்தார். கடையில் வாங்கினால் காசு போகும் என்றுதான் அவருக்குத் தெரியும், காசு திரும்பி வரும் என்பது தெரியாது!

ஊருக்குத் திரும்பிய பிறகு வயலுக்கு வாங்கும் மூட்டை உரத்தில் அவருக்குக் கணக்கு பிடிபட்டது. நாலு பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை எவ்வளவோ குறைகிறது. 1906-ல் டெம்பிள்குரோன் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. உள்ளூர் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எல்லா வழியிலும் எதிர்த்தார்கள். சங்கம் நின்றது. உரத்தில் தொடங்கி மளிகைக்கு வந்தது, பெண்களுக்கு வேலை கொடுக்கப் பின்னல் ஆலை வைத்தது. "கோ-ஆப்" என்ற சொல்லை ஊர் ஜனங்கள் "கோப்" என்று சொன்னதால் அவருக்கே "பாடி தி கோப்" என்று பெயர் நிலைத்துவிட்டது. 1939-ல் தன் கதையை அவரே புத்தகமாக எழுதினார். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர் எழுதிய புத்தகம். நான் படித்ததில் கூட்டுறவு பற்றி இவ்வளவு சுவாரஸ்யமான புத்தகம் வேறில்லை. எங்கள் பயிற்சி நிலையத்தில் கொடுத்த பாடநூல்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது 1904-ல். டானிகாலுக்கு இரண்டு வருஷம் முந்தியது. இரண்டுக்கும் மூல விதை 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளிகள் போட்ட கடைதான். திருவல்லிக்கேணியில் கணக்கு எழுதியவர்கள் படித்த உத்தியோகஸ்தர்கள். டங்லோவில் அதைச் செய்தவர் ஆள் சந்தையில் விலை பேசப்பட்ட பிள்ளை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கிராமத்துக் கடையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மளிகையும் மதுவும் ஒரே கூரையின் கீழ். முன்பக்கம் தேயிலை, பன்றி இறைச்சி, ஆணி, லாந்தர் கண்ணாடி, பின்பக்கம் மதுக்கூடம். பெண்கள் உட்கார்ந்து பேச மரத்தடுப்பு வைத்த சின்ன அறைகூடச் சில இடங்களில் உண்டு. மேற்குக் கார்க்கின் காசில்டவுன்பேர் துறைமுகத்தில் மெக்கார்த்தி கடை இன்னும் அந்த அமைப்பில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டாக்டர் ஏடன் மெக்கார்த்தி பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, ஜப்பானியரிடம் கைதியாகி, நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது அங்கே இருந்து உயிர் பிழைத்தவர். ஒரு மளிகைக் கடையிலிருந்து கதை எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

கோழி முட்டைப் பணம் முழுக்க வீட்டுப் பெண்மணிக்குச் சொந்தம். கூடையில் முட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்து அதற்கு ஈடாகத் தேயிலையும் சர்க்கரையும் வாங்கி வருவார்கள். மாடு விற்ற பணம் புருஷனுடையது, முட்டை விற்ற பணத்தை அவன் கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மாள் இதைச் சொன்னபோது என் மனைவி, "எங்கள் பாட்டிக்கு மோர்க்காசு" என்றாள். மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவர்களுக்கு மகள் தேவைப்படவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. யுத்தம் என்றே அவர்கள் சொல்வதில்லை, "அவசரநிலை" என்றுதான் பெயர். குண்டு அதிகம் விழவில்லை. ஆனால் தேயிலை நின்றது. அதுவரை தேயிலை லண்டன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நடுநிலை நாட்டுக்குப் பிரிட்டன் அளவைக் குறைக்கக் குறைக்க, 1941-ல் ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸ் என்று வந்து நின்றது. அரை அவுன்ஸ் என்றால் 14 கிராம். ஒரு நாளைக்கு 2 கிராம். ஒரு கோப்பைக்கே தட்டுக்கெட்டு வரும். உலகத்தில் அதிகமாக டீ குடிக்கும் ஜனங்களில் இவர்களும் ஒருவர் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அப்போது பத்து வயது. ஒரு தடவை போட்ட தேயிலையை அடுப்பின் மேல் உலர்த்தித் திரும்பப் போடுவார்களாம். மூன்றாம் தடவை வெந்நீருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்த நிறம் இருக்குமாம், அவ்வளவுதான். ரொட்டியும் கறுத்தது. கோதுமையைத் தவிட்டோடு அரைக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால், வெள்ளை மாவுக்கு ஏங்கியவர்கள் அந்த மாவைப் பட்டுக் காலுறையில் போட்டுச் சலித்தார்கள். நம்மூரில் பங்கீடு வந்ததும் அந்த வருஷங்களில்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் மக்காச்சோளத்தையும் பஜ்ராவையும் திட்டிக்கொண்டு தின்ற கதை உங்களுக்கும் தெரியும்.

பங்கீட்டு அட்டை வந்ததும், அதுவரை நோட்டில் இருந்த பிடி இன்னும் இறுகியது. ஒரு கடையில் பதிவு செய்துகொண்டால் அந்தக் கடைதான். தராசுக்குப் பின்னால் நிற்பவருடைய முகம் பார்த்துப் பேச வேண்டிய நிலை. "எங்கள் கடைக்காரர் நல்லவர், காகிதத்தின் எடையைச் சேர்க்கமாட்டார்" என்றார் அம்மாள். எழுபத்தைந்து வருஷம் கழித்தும் அது ஞாபகம் இருந்தது அவருக்கு. பொட்டலக் காகிதத்தின் எடையைக்கூட நினைவில் வைத்திருக்கும் பஞ்சத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தட்டுப்பாட்டால் நமக்கு ஒரு தொடர்பும் உண்டாயிற்று. லண்டனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அயர்லாந்து அரசு 1941-லேயே தேயிலை இறக்குமதிக்குத் தனி நிறுவனம் அமைத்து, இந்தியாவிலிருந்து நேரடியாக வாங்க ஏற்பாடு செய்தது. இன்றும் அங்கே டீ நல்ல கெட்டியாக இருக்கும். 1901-ல் கார்க்கில் தொடங்கிய பாரிஸ் டீ என்ற சிவப்புப் பெட்டி மகள் வீட்டில் எப்போதும் இருக்கும். என் மனைவி அதில் இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து அம்மாளுக்குக் கொடுத்தாள். அவர் மரியாதைக்காக முழுவதும் குடித்தார் என்று நினைக்கிறேன்.

நகரத்துக் கதை வேறு. டப்ளினில் ஃபிண்ட்லேட்டர் என்று ஒரு கடை வம்சம். 1823-ல் தொடங்கியது. வசதியான வீட்டம்மாக்கள் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியல் சொல்ல, சிப்பந்தி எழுதிக்கொள்ள, சைக்கிள் பையன் சாமானை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் காலத்துக் கடை. நகரின் நடுவே ஒரு தேவாலயமே அவர்கள் கட்டிக் கொடுத்தது, இன்றும் ஃபிண்ட்லேட்டர் சர்ச் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கடைகள் 1969-ல் மூடப்பட்டன. வாடிக்கையாளரே கூடையைத் தூக்கிக்கொண்டு எடுத்துப்போடும் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. கடன் கிடையாது, வீட்டுக்கு அனுப்புவதும் கிடையாது, அதனால் விலை குறைவு.

அந்த மாறுதலைக் கொண்டுவந்தவர்களில் பெர்கல் குவின் என்பவரை எனக்குப் பிடிக்கும். 1960-ல் டண்டாக் ஊரில் முதல் கடை. பின்னால் சூப்பர்குவின் என்று பெயர் பெற்றது. அவருடைய அப்பா விடுமுறை முகாம் நடத்தியவர். அங்கே விருந்தாளி வரும்போதே முழுப்பணமும் கட்டிவிடுவார், அதற்கு மேல் அவரிடம் விற்க ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் திரும்பி வரவைப்பது ஒன்றுதான் வேலை. அதைப் பார்த்து வளர்ந்த பையன், முதலாளியான பிறகும் கல்லாப் பக்கத்தில் நின்று கிழவிகளுக்குப் பையில் சாமான் எடுத்துவைத்துக்கொண்டே என்ன குறை என்று கேட்பாராம். செனட்டராகவும் இருந்தார், 2019-ல் காலமானார். கடையை 2005-ல் விற்றுவிட்டார். 2011-ல் கார்க்கின் மஸ்கிரேவ் நிறுவனம் வாங்கியது, 2014-ல் பெயரும் மறைந்தது. இன்னமும் வயதானவர்கள் "சூப்பர்குவின் சாசேஜ்" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

கல்லாவில் நின்று எதிர்த்துப் பேசிய ஒரு பெண்ணும் உண்டு. 1984 ஜூலை 19. டப்ளின் ஹென்றி தெருவில் டன்ஸ் ஸ்டோர்ஸ் கடை. மேரி மேனிங் என்ற 21 வயதுப் பெண், ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த இரண்டு பம்ப்ளிமாஸ் வகைப் பழங்களுக்குப் பில் போட மறுத்தார். தென்னாப்பிரிக்கப் பழம், நிறவெறி ஆட்சியின் சரக்கைத் தொடக் கூடாது என்பது அவருடைய சங்கத்தின் முடிவு. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கூட வேலை செய்த சிலரும் வெளியே வந்தார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலைநிறுத்தம் இரண்டே முக்கால் வருஷம் நடந்தது. 1987-ல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கக் காய்கனி இறக்குமதிக்கே தடை போட்டது. 1990-ல் டப்ளின் வந்த நெல்சன் மண்டேலா இவர்களைச் சந்தித்தார். சம்பளத்துக்காக நடந்த வேலைநிறுத்தங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பழத்துக்காக நடந்தது இது ஒன்றுதான்.

அதே 1987-ல் விலைப் போட்டியில் எச். வில்லியம்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் விழுந்தது. அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. சின்னக் கடைகளுக்கு அது குடை. 2006-ல் அந்தக் குடையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் 1997-ல் டெஸ்கோ, 1999-ல் ஆல்டி, 2000-ல் லிடில் என்று வெளிநாட்டுக் கடைகள் வந்திறங்கியாயிற்று. இதெல்லாம் செய்தித்தாள் விஷயம், இத்தோடு விடுகிறேன். 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பைக்கு 15 செண்ட் வரி போட்டு, ஒரே வீச்சில் ஊரையே துணிப்பைக்கு மாற்றினார்களே, அதை மட்டும் மெச்சாமல் இருக்க முடியாது. மஞ்சள் பையோடு போன என்னை அங்கே யாரும் வேடிக்கை பார்க்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கார்க்கின் இங்கிலீஷ் மார்க்கெட். 1788-ல் திறந்தது. நகராட்சி அப்போது ஆங்கிலேயச் சார்புள்ள புராட்டஸ்டண்ட்காரர்கள் கையில் இருந்ததால் அந்தப் பெயர். ஏழைகளுக்கு வேறொரு மார்க்கெட், அதற்கு ஐரிஷ் மார்க்கெட் என்று பெயர். ஒரே ஊரில் வாங்குகிறவனைப் பார்த்து இரண்டு மார்க்கெட்! இப்போது இங்கிலீஷ் மார்க்கெட்டில்தான் அந்த ஏழைச் சாப்பாடும் கிடைக்கிறது. போட்டி என்று நாம் சொல்லும் குடல் வகைகள் வெள்ளை வெளேரென்று விரித்து வைத்திருக்கும். பக்கத்தில் டிரிஷீன், அதாவது இரத்தத்தில் செய்த ஒரு வகைக் குழல். பதினெட்டாம் நூற்றாண்டில் கார்க் துறைமுகத்திலிருந்து உப்புக்கண்டம் பீப்பாய் பீப்பாயாகக் கப்பற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போயிற்று. வெண்ணெய்க்கென்று 1770-லிருந்து 1924 வரை தனிச் சந்தையே நடந்தது. நல்ல கறி கப்பல் ஏறியது, குடலும் தலையும் காலும் இரத்தமும் ஊர் ஏழைக்கு மிஞ்சின. அதைத்தான் இன்று ஊரின் பாரம்பரிய உணவு என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள்.

1980-ல் தீப்பிடித்து மார்க்கெட்டில் பெரும் பகுதி எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 2011-ல் எலிசபெத் ராணி வந்தார். மீன் வியாபாரி பாட் ஓகானல், அங்கே மாங்க்ஃபிஷ் என்னும் விகாரமான மீனுக்கு "மாமியார் மீன்" என்று பெயர் என்று சொல்ல, ராணி வாய்விட்டுச் சிரித்த படம் உலகமெங்கும் வந்தது. மாமியார் ஜோக்குக்கு எல்லை கிடையாது போலிருக்கிறது.

மீன் வாங்கப் போனால் என் மனைவிக்குத் தலை வேண்டும். அங்கே தலையை யாரும் கேட்பதில்லை. கானாங்கெளுத்தி நாலு வாங்கிவிட்டு, வேறு பெரிய மீனின் தலை இருக்கிறதா என்று கேட்டோம். கடைக்காரர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு தலையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். காசு வேண்டாம் என்றார். மேலே ஒரு கொத்து பார்ஸ்லியும் வைத்தார். கொசுறு! பார்ஸ்லி என்பது அவர்கள் ஊர்க் கொத்தமல்லி. கார்க்கில் எல்லோரையும் "பாய்" என்று கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பையன் என்ற சொல்தான், உச்சரிப்பு அப்படி. நம்மூரில் நான் பாய் என்று கூப்பிட்டு மீனும் கறியும் வாங்கியிருக்கிறேன், அங்கே மீன்காரர் என்னைப் பாய் என்று கூப்பிட்டார்.

2023-ல் போனபோது பக்கத்து வீட்டு அம்மாள் இல்லை. தெருமுனையில் இருந்த சின்னக் கடையும் மூடிக் கிடந்தது. முன்பு அந்த அம்மாள் தினமும் காலையில் பாலுக்கென்று அங்கே போவார். ஒரு லிட்டர் பாலுக்கு முக்கால் மணி நேரம். கிராமங்களில் இன்னும் மோசம். பல இடங்களில் மளிகையும் தபால் ஆபீசும் ஒரே அறையில்தான் இருக்கும். 2018-ல் மட்டும் 159 தபால் நிலையங்களில் நடத்துபவர்கள் ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு விலகினார்கள். பென்ஷன் வாங்க வருகிறவர் கையோடு ரொட்டியும் வாங்குவார். தபால் போனால் அந்த வியாபாரமும் போகும். கொரோனாக் காலத்தில் எழுபது தாண்டியவர்களை வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். அப்போது பல கிராமங்களில் வாசலில் பையை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கையசைத்துப் போனவர்கள் இந்தச் சின்னக் கடைக்காரர்கள்தான் என்று மகள் சொன்னாள்.

பெரிய கடைகளில் இப்போது நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் வந்துவிட்டன. எட்டு இயந்திரம் காலியாக நிற்கும். ஆள் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு கல்லாவில் ஏழு பேர் வரிசையில் நிற்பார்கள், ஏழும் நரைத்த தலை. "அப்பா, இங்கே வாங்களேன், சீக்கிரம் முடியும்" என்று மகள் கூப்பிட்டாள். நான் அந்த வரிசையில்தான் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு சின்ன ரொட்டி, ஒரு டப்பா பீன்ஸ், பூனைக்கு உணவு, அவ்வளவுதான் வைத்திருந்தார். கல்லாவில் இருந்த பெண் அவருடைய மூட்டுவலியை விசாரித்தாள். பூனையை விசாரித்தாள். அவர் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பின்னால் நின்ற யாரும் உச்சுக்கொட்டவில்லை.

கணக்குக்காரனாக யோசித்தால், அந்த இயந்திரத்தில் எடையிலும் கூட்டலிலும் சூது கிடையாது. ரசீது கையில் வந்துவிடுகிறது. பாடி காலகர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கோம்பீன் கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டவளுக்கு அது சொர்க்கமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வரிசையில் நின்ற ஏழு பேரும் ரசீதுக்காக அங்கே வரவில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. இந்த இரண்டையும் ஒரே பேரேட்டில் எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

டங்லோவில் பாடியின் கோப் கடை இன்றும் நடக்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை. கார்க் தெற்கே, டங்லோ நாட்டின் வடமேற்கு மூலையில், பஸ் மாறி மாறிப் போனால் ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். அடுத்த தடவை மாப்பிள்ளை காரில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். போனால், உரம் இன்னும் விற்கிறார்களா, உறுப்பினருக்கு ஆண்டுக் கடைசியில் பங்கு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதுகிறேன்.